ஆச்சிக்குப் பதிலாக நான் சொன்ன பதில்

இந்தப் பக்கங்களை வாசிக்கின்ற உங்களில் பலர் ஒரு தடவையாவது வைத்தியசாலை வாங்கில் யாருக்காகவோ காத்திருந்திருப்பீர்கள். தாய்க்காக, கணவருக்காக, காயப்பட்ட பிள்ளைக்காக. உள்ளே போனவரின் பையும் செருப்பும் உங்களிடம் இருந்திருக்கும். 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் நானும் அப்படி ஒரு வாங்கில் இருந்தேன். என் மடியில் இருந்த பை ஆச்சியுடையது. அன்றைக்கு நான் விட்ட பிழையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆச்சிக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. வன்னியில் ஒரு வீட்டுத்திட்ட வீட்டில் தனியே இருக்கிறா. மூத்த மகன் 2008 இல் செல் விழுந்து இறந்துவிட்டார். இளைய மகனை 2009 வைகாசிக்குப் பிறகு காணவில்லை. ஆச்சியின் முழங்காலுக்குள் செல் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. அந்த நோவுக்கு வருடக்கணக்காக டைக்குளோபினாக் குளிசை போட்டுவந்தா. வெறும் வயிற்றிலும் போட்டா. கடைசியில் வயிற்றெரிவு, தலைச்சுற்று, மலம் கரி போலக் கறுப்பாகப் போதல் என்று ஒவ்வொன்றாக வந்தது. இரத்தம் குறைந்துவிட்டது என்று கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். வயிற்றுக்குள் புண் இருக்கலாம், குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பெரிய வைத்தியசாலைக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். எண்டஸ்கொப்பி என்று சொல்லப்படுகின்ற பரிசோதனை அது. சின்னக் கமரா பூட்டிய மெல்லிய குழாயை வாயால் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள்.

நான் அந்தப் பகுதியில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். ஆச்சியின் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கொடுப்பனவுப் பத்திரம் எல்லாவற்றின் பிரதியும் என் கோவையில் இருக்கின்றன. ஆச்சியைப் பற்றித் தெரியாதது எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரிசோதனை அறைக்கு வெளியே தாதி ஒருவர் படிவம் நிரப்பினார். பெயர், வயது, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், முன்பு மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்ததா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று வரிசையாகக் கேட்டார். ஆச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். நேரமும் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

"வேற ஏதும் மருந்து எடுக்கிறவவோ?"

"பிறஷர் குளிசையும் நோக்குளிசையும் மட்டும்தான் மிஸ். வேற ஒண்டும் இல்லை."

ஆச்சி என்னைப் பார்த்தா. பிறகு நிலத்தைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் கவனித்தேன். ஆனால் நின்று கேட்கவில்லை. காட்டிய இடத்தில் ஆச்சி பெருவிரல் அடையாளம் வைத்தா. பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனா.

கதவு முழுமையாகச் சாத்தப்படவில்லை. உள்ளே இருந்து ஒரு கருவியின் ஒலி வந்துகொண்டிருந்தது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், விரலில் மாட்டுகின்ற சின்னக் கருவி. அதே முறையில் வேலை செய்கின்ற கொஞ்சம் பெரிய கருவி அது. சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடாகச் செலுத்தி, இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று கணக்கிடும். இந்த வழியை 1974 இல் கண்டுபிடித்தவர் தக்குவோ அவோயாகி என்கின்ற ஜப்பானியப் பொறியியலாளர். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அது ஒரு சத்தம் போடும். ஒட்சிசன் குறையக் குறைய அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். பார்க்கின்றவர் திரையை விட்டுக் கண்ணை எடுத்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் சத்தம் இறங்கியது எனக்குக் கேட்டது. அதன்பின் வேறொரு மணி அடித்தது. "அம்மா! அம்மா! கண்ணைத் திறவுங்கோ! மூச்சை இழுங்கோ!" என்று தாதியின் குரல் வந்தது. ஆச்சியின் குரல் வரவில்லை.

கதவு திறந்தது. இன்னொரு தாதி வெளியே வந்து கேட்டார். "தங்கச்சி, வடிவா யோசிச்சுச் சொல்லும். அம்மா நித்திரைக் குளிசை ஏதும் போடுறவவோ?"

"இல்லை" என்றுதான் வாய் சொல்லப் போனது. அப்போதுதான் ஆச்சியின் பார்வை நினைவுக்கு வந்தது. பையைத் திறந்து கொட்டினேன். விபூதிச் சரை, கைக்குட்டை, பஸ் ரிக்கற், மடித்த பொலித்தீன் பை. பொலித்தீனுக்குள் ஒரு குளிசை அட்டை. இரண்டு குழிகள் அன்றைக்கு உடைத்தது போல வெறுமையாக இருந்தன. தாதி அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே ஓடினார். அது டயஸிபாம், நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கின்ற மருந்து.

ஆச்சிக்கு ஒன்றும் நடக்கவில்லை. குழாயை உடனே எடுத்துவிட்டார்கள். நாடியைத் தூக்கிப் பிடித்து மூச்சு வழியைத் திறந்து, ஒட்சிசனைக் கூட்டிக் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. ஆனால் அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கப் போவதில்லை.

பின்பு வைத்தியர் என்னை அழைத்துப் பேசினார். கோபிக்கவில்லை. தான் பழகிய தமிழில் நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதையும், அதன்பின் நான் தேடி வாசித்து அறிந்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

இப்படியான பரிசோதனைகளுக்குக் கொடுப்பது முழு மயக்கம் அல்ல, அரை மயக்கம். கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடிய நிலை. நோயாளி தானே மூச்சு விடுவார். ஆனால் அரை மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இடையில் மதில் ஒன்றும் இல்லை, சறுக்கிப் போய்விடலாம். வயதானவர்கள் இளையவர்களை விடச் சுலபமாகச் சறுக்கிவிடுவார்கள். அவர்களின் ஈரலும் சிறுநீரகமும் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடியிருப்பதால் சில மருந்துகள் நெடுநேரம் தங்கிவிடும். மூளையும் கொஞ்ச மருந்துக்கே கூடுதலாக அடங்கும். அதனால்தான் முதியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கொடுத்து, பொறுத்துப் பார்த்து, தேவையென்றால் மட்டும் கூட்டுவார்கள்.

ஆச்சிக்கும் வயதைப் பார்த்துக் குறைவாகத்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்து விடியற்காலையிலேயே இரண்டு குளிசையாக உடம்புக்குள் போயிருந்தது. இரண்டும் சேர்ந்துகொண்டன.

வைத்தியர் சொன்ன இன்னொரு விடயம் என்னை உலுக்கிவிட்டது. இந்த வகை மருந்தை முறிப்பதற்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. ஆனால் பல வருடமாக நித்திரைக் குளிசைக்குப் பழகிய ஒருவருக்கு அதைத் திடீரென்று ஏற்றினால் வலிப்பு வரலாம். அதனால்தான் தாதி வெளியே ஓடிவந்து கேட்டார். வாய்க்கு வந்தபடி "இல்லை" என்று நான் இரண்டாம் முறையும் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறைக்குள் குழாய் விடுகின்றவர் ஒருவர், நோயாளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கின்றவர் இன்னொருவர். அந்த இன்னொருவருக்கு மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், ஒட்சிசன் அளவு, கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பவற்றைப் பார்ப்பதுதான் வேலை. அமெரிக்காவில் மயக்க மருந்து வைத்தியர்களின் சங்கம் 1986 இல் இதற்கென்று அடிப்படை விதிகளை வகுத்தது. விரல் கருவி மட்டும் போதாது. மூக்கால் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு மந்தமானாலும் அந்த எண் கொஞ்ச நேரம் நன்றாகவே இருக்கும். அது இறங்கும்போது பிந்திவிட்டது என்று அர்த்தம். அதனால் வெளிவிடும் மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டை அளக்கின்ற கருவியையும் இப்போது பல இடங்களில் பாவிக்கிறார்கள். கருவி எது இருந்தாலும் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கின்ற கண் வேண்டும். ஆச்சியைக் காப்பாற்றியது திரையை விட்டு நகராமல் நின்ற அந்தத் தாதிதான்.

ஆச்சி கண் விழித்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தா. "தம்பி, தலையைக் குனி. குனிஞ்சு வா" என்றா. கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தா. எனக்கு அழுகை வந்தது. "ஆச்சி, சண்டை முடிஞ்சுது, இது ஆஸ்பத்திரி" என்று உரத்துச் சொன்னேன். அவவுக்குப் பயம்தான் கூடியது. தாதி என்னை விலக்கிவிட்டு ஆச்சியின் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். காதுக்குக் கிட்டக் குனிந்து, "அம்மா, இது ஆஸ்பத்திரி. வயித்தைப் பார்க்க வந்தனீங்கள். பார்த்து முடிஞ்சுது. உங்கட பிள்ளை பக்கத்தில நிக்கிறா" என்று மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னார். யன்னல் சீலையை விலக்கி வெளிச்சம் வர விட்டார். அரை மணித்தியாலத்தில் ஆச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டா. குனியச் சொன்னது அவவுக்கு ஞாபகமே இல்லை.

மயக்க மருந்துக்குப் பின் முதியவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவதுண்டு. நேரம், இடம், ஆட்கள் பிடிபடாமல் போகும். சிலருக்குச் சில மணித்தியாலம், சத்திரசிகிச்சை செய்த சிலருக்குச் சில நாட்கள். இது பைத்தியம் அல்ல. எதிர்த்து வாதாடுவதால் பயனில்லை. கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டிவிடுவது, தெரிந்த குரல், பகல் வெளிச்சம், இரவில் நித்திரை, இவைதான் உதவி. குழப்பம் குறையாவிட்டாலோ, தட்டி எழுப்பினாலும் எழும்பாமல் நித்திரையாகவே கிடந்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில் ஆச்சியிடம் கேட்டேன். "ஏன் ஆச்சி குளிசையைப் பற்றி எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எங்க பிள்ளை என்னைக் கேட்டனி? நீயே எல்லாம் சொன்னனி."

எனக்குப் பதில் இல்லை. கொஞ்சத் தூரம் போனபின் அவவே சொன்னா. 2009 இல் முகாமில் இருந்தபோது நித்திரை இல்லாமல் அலைந்ததைப் பார்த்து வைத்தியர் ஒருவர் சில நாட்களுக்கு அந்தக் குளிசையைக் கொடுத்திருக்கிறார். அதன்பின் அது இல்லாமல் கண் மூடவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அயல் வீட்டு அக்கா தனக்குத் தருகின்ற குளிசையில் பங்கு கொடுத்திருக்கிறா. கிளினிக்கில் சொன்னால் கொப்பியில் எழுதுவார்கள், எழுதினால் விசரி என்று ஊர் சொல்லும் என்று பதினான்கு வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.

"அண்டைக்கு ஏன் ரெண்டு போட்டனீங்கள்?"

ஆச்சி கனநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. "மயக்கத்தில என்ன சொல்லுவனோ எண்டு பயம் பிள்ளை. அறிவில்லாமல் கிடக்கேக்க வாயில என்ன வருமோ, ஆருக்குத் தெரியும்? கொஞ்சம் அடங்கிப் போனால் ஒண்டும் கதைக்க மாட்டன் எண்டு நினைச்சன்."

அவ சொல்லப் பயந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். உங்களுக்கும் அது விளங்கும். எங்களில் எத்தனை பேர் வாயை மூடி வைத்துக்கொண்டே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறோம்! அந்தப் பயத்தைப் பற்றிப் பிறகு அதே வைத்தியரிடம் கேட்டேன். இது உண்மையைக் கக்க வைக்கின்ற மருந்து அல்ல என்றார். பெரும்பாலானவர்கள் ஒன்றும் பேசுவதில்லை. பேசுகின்ற சிலரும் கனவில் போலத்தான் புலம்புவார்கள். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது அறைக்குள் நிற்கின்றவர்களின் கடமை. இதை முதலிலேயே யாராவது ஆச்சியிடம் சொல்லியிருந்தால் அந்த இரண்டு குளிசைகளும் தேவைப்பட்டிருக்காது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, தல்கொட் பார்சன்ஸ் 1951 இல் எழுதிய நோயாளியின் வகிபாகத்தைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். நோயாளி தன் வழமையான பொறுப்புக்களில் இருந்து விடுவிக்கப்படுகிறார், பதிலுக்கு வைத்தியருடன் ஒத்துழைக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. அந்த வாங்கில் இருந்தபோதுதான் இடையில் இன்னொரு ஆள் நிற்பதைக் கண்டேன். மகளாகவோ, மருமகளாகவோ, என்னைப் போன்ற பணியாளராகவோ கூட வருகின்ற ஆள். உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வயதான பெண்ணின் வாயில் இருந்து பேச்சைப் பறித்துவிடுகிறோம். யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்தவவிடம் மிச்சமிருந்த ஒன்று, தன் உடம்பைப் பற்றித் தானே சொல்லும் உரிமை. அதையும் நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

இப்போது யாரையாவது கூட்டிப் போவதென்றால் முதல் நாளே வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போடச் சொல்கிறேன். கிளினிக் குளிசை, கடைக் குளிசை, பக்கத்து வீட்டுக் குளிசை, நாட்டு மருந்து எல்லாம். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்துத் தனியே கேட்கிறேன். நித்திரைக் குளிசை, சீனி வருத்தக் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகின்ற குளிசை, இவை பற்றிக் கட்டாயம் கேட்கிறேன். இரவில் பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பது போல இருக்குமா, ஆடுகின்ற பல்லோ கட்டுப்பல்லோ உண்டா என்றும் கேட்கிறேன். எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். முக்கியமாக, பல காலம் போட்டுவந்த நித்திரைக் குளிசையைப் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். அதனாலும் வலிப்பு வரலாம்.

சாப்பாடு நிறுத்தும் நேரத்தை வைத்தியசாலையிலேயே கேளுங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு ஆறு மணித்தியாலம், தண்ணீருக்கு இரண்டு மணித்தியாலம் என்பார்கள். பால் தேத்தண்ணி தண்ணீர்க் கணக்கில் சேராது. நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரல் கருவி பிழையாகக் காட்டக்கூடும். கைகள் குளிர்ந்திருந்தாலும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தபின் ஒரு நாளைக்கு அவரைத் தனியே அடுப்படிக்கோ கிணற்றடிக்கோ விடாதீர்கள். அன்றைக்கு எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள்.

சில நாட்களின் பின், முறையான ஏற்பாட்டோடு ஆச்சிக்குப் பரிசோதனையைச் செய்து முடித்தார்கள். இரைப்பையில் புண் இருந்தது. நோக்குளிசையை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார்கள். நித்திரைக் குளிசையை மனநல கிளினிக்கில் மாதக்கணக்காக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினார்கள். கொப்பியில் எழுதினார்கள். ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க ஐப்பசியில் மறுபடியும் போனோம். அதே தாதி படிவத்துடன் வந்தார். நான் ஆச்சியின் நல்ல காதுப் பக்கம் அவரை இருத்திவிட்டுத் தள்ளி நின்றேன்.

"வேற ஏதும் மருந்து எடுக்கிறனீங்களோ அம்மா?"

ஆச்சி பையைத் திறந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தா. "இது இரவில அரைவாசி போடுறனான். இண்டைக்குப் போடேல்லை" என்றா. பிறகு தானாகவே ஒன்று கேட்டா. "மயக்காமல் பார்க்கேலாதோ பிள்ளை?"

பார்க்கலாம் என்றார் தாதி. தொண்டையில் மரக்கின்ற மருந்தை விசிறிவிட்டு, முழிப்பாகவே செய்யலாம். ஓங்காளம் வரும், கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். தொண்டை மரப்புத் தீரும் வரை தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. எல்லோருக்கும் இது சரிவராது. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று முதல் தடவை நாங்கள் கேட்கவே இல்லை.

ஆச்சி சரி என்றா. விரலில் கருவியை மாட்டினார்கள். கதவு அன்றைக்கும் கொஞ்சம் திறந்துதான் இருந்தது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, முடியும் வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரே சுருதியில் போய்க்கொண்டிருந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்த குளிசை அட்டை இருக்கலாம். அது உங்களுடையதாகவும் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். யாரையாவது கூட்டிப் போகின்றவராக இருந்தால், கேள்விக்கு அவரே பதில் சொல்லும் வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.